இடிதாங்கி அக்காவின் வாசகர்கள்

எங்கள் பத்திரிகைக்குப் பாராட்டு வந்தால் எழுதியவருக்குப் போகும். அழைப்பிதழ் வந்தால் எடிட்டருக்குப் போகும். திட்டு வந்தால் மட்டும் நேராக அக்காவின் மேசைக்குப் போகும். அதனாலேயே அவருக்கு இடிதாங்கி என்று பெயர் விழுந்தது. வைத்தவர் அச்சகத்து ஃபோர்மேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. இடிதாங்கியைக் கட்டடத்தின் உச்சியில்தானே வைக்கிறார்கள், அதுவரைக்கும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

நான் அங்கே பக்கங்களை வடிவமைக்கிறவன். அக்காவின் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஓர் இரும்பு பீரோதான். பல வருடங்கள் அந்த பீரோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நடந்த சண்டைகளில் பாதியை மட்டும் கேட்டிருக்கிறேன். மறுபாதி போனுக்குள் இருந்தது.

அக்கா முதலில் சேர்ந்தது தொலைபேசி எடுக்கும் வேலைக்கு. கொஞ்ச நாளில் எடிட்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இரைந்துகொண்டு பேச்சைத் தொடங்குகிற வாசகர்கள், "சரிம்மா, நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்று சொல்லி போனை வைக்கிறார்கள். என்ன வித்தை என்று கேட்டார். வித்தை ஒன்றுமில்லை. யார் என்ன சொன்னாலும் அக்கா பத்திரிகைக்கு வக்காலத்து வாங்கமாட்டார். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பார். வாசகர் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பத்திரிகையைத் தேடுவார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். இங்கே வைத்ததை யார் எடுத்தது என்று வீட்டில் ஒரு சத்தம் போடுவார். பக்கம் கிடைப்பதற்குள் கோபத்தில் பாதி வீட்டுக்காரர்கள் மேல் செலவாகியிருக்கும். மீதிப் பாதிக்கு அக்கா பொறுமையாகக் காது கொடுப்பார். வாசகர் கடிதப் பக்கம் சீக்கிரமே அவர் கைக்கு வந்துவிட்டது.

பத்திரிகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாதம் ஒரு முறை வரும். முன்பாதி தொழில்நுட்பம்: இயந்திரங்கள், கம்ப்யூட்டர், புதிதாகச் சந்தைக்கு வந்த கருவிகள். பின்பாதி பண்பாடு: பாட்டு, நாடகம், ஓவியம், மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம். ஒரே வீட்டுக்குள் ஹார்மோனியமும் ஃபிரிட்ஜும் இருக்கலாம், ஒரே புத்தகத்துக்குள் இருக்கக் கூடாதா என்பது எடிட்டரின் வாதம். வாசகர்கள் அந்த வாதத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். முன்னாலிருந்து படிப்பவர்கள் ஒரு கட்சி, பின்னாலிருந்து படிப்பவர்கள் ஒரு கட்சி. மோட்டாரைப் பற்றிப் படிக்கலாம் என்று வாங்கினால் யாரோ மேடையில் அழுததைப் பற்றி எழுதுகிறீர்களே என்று முன்கட்சி கேட்கும். நாடகத்தைப் பற்றி நிம்மதியாகப் படிக்க விடாமல் நடுவில் கிரீஸ் வாடை அடிக்கிறது என்று பின்கட்சி சொல்லும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி எடிட்டர் விழிப்பார். அக்கா இரண்டு தரப்புக் கடிதங்களையும் எதிரெதிர் பத்தியில் போடச் சொல்வார். நடுவில் நான் ஒரு கோடு இழுப்பேன்.

"கோடு மெல்லிசா இருக்கட்டும் தம்பி," என்பார் அக்கா. "ஒருத்தர் கையை ஒருத்தர் எட்டிப் பிடிக்கிற மாதிரி."

ஆனாலும் ஆரம்ப வருடங்கள் பொற்காலம்தான். சண்டை போட்டுக்கொண்டே எங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பிறகு விளம்பரங்கள் கூடின. கம்பெனிக்காரர்களிடம் விலைபோய்விட்டீர்கள் என்று கடிதம் வர ஆரம்பித்தது. விளம்பரத்தைக் குறைத்தோம். புத்தகம் மெலிந்துவிட்டது, ஏமாற்றுகிறீர்கள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அக்கா கடிதங்களைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

அந்த மாதம் பின்பாதியில் ஒரு பேராசிரியை கட்டுரை எழுதியிருந்தார். அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் வந்த பிறகு மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே நின்றுபோனது, மாடிப்படியில் நின்று பேசிப் பேசித்தான் அக்கம்பக்கம் என்ற ஒன்றே உருவாகியிருந்தது என்று அழகாக எழுதியிருந்தார். எனக்குப் பிடித்து, பெரிய படம் போட்டு அலங்கரித்திருந்தேன்.

எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில். கீழே மெத்தைக் கடை. அந்த வாரம் முழுக்க எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. ஒரு முற்பகலில் நீலச் சீருடை போட்ட உயரமான மனிதர் ஒருவர், தோளில் கருவிப் பையோடு படியேறி வந்து, அக்காவின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. மூச்சு வாங்கியதில் திட்டுதான் வரவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். முழுவதையும் குடித்துவிட்டு அவர் முதல் வார்த்தையைப் பேசினார்.

"தொழில்நுட்பப் பத்திரிகை நடத்துறீங்க. உங்க லிஃப்ட்டே ஓடல."

"ஆமாங்க. ஓனர்கிட்ட சொல்லியிருக்கோம்."

"ஓனர்கிட்ட சொன்னா லிஃப்ட் ஓடாதுங்க. என்னை மாதிரி ஆள்கிட்ட சொல்லணும்."

சந்தாவை நிறுத்த வந்திருப்பதாகச் சொன்னார். அக்கா வழக்கம்போல எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் பையைத் திறந்து, அந்த லிஃப்ட் கட்டுரைப் பக்கத்திலேயே மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டார். அக்காவின் வித்தை பலிக்காமல் போனதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பிறகு அவர் பேசினார். கால் எலும்பு முறிந்தவர்கள், கைக்குழந்தையோடு அரிசிப் பை தூக்குகிற பெண்கள், ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியோடு காத்திருப்பவர்கள் என்று அவர் தொழிலில் பார்த்த அத்தனை பேரும் அந்த அறைக்குள் வந்து போனார்கள்.

"படியில நின்னு பேசறது அழகுதான். எட்டாவது மாடிக்குத் தண்ணி கேன் தூக்கிட்டுப் போறவன்கிட்ட அந்த அம்மாவைப் பேசிப் பார்க்கச் சொல்லுங்க."

அக்கா குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும், சொன்னதை எடிட்டரிடம் அப்படியே சொல்கிறேன் என்றார். அவர் எழுந்து போனார். போனவர் கீழே போகவில்லை. லிஃப்ட் கதவருகே தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, கதவு மூடியதை மோட்டாருக்குச் சொல்கிற தகடு தேய்ந்துபோயிருந்தது, மாற்றிவிட்டேன், யாராவது ஒருவர் ஏறிப் பார்க்கலாம் என்றார். அக்கா போனார். இருவரும் கீழே போய் மேலே வந்தார்கள். கதவு திறந்தபோது அக்கா பேசிக்கொண்டே வெளியே வந்தார்.

"பார்த்தீங்களா, லிஃப்ட்லயும் பேசத்தான் செய்றோம். உங்க பக்கம்தான் நியாயம்."

வந்த வேலையை அவர் மறந்துவிட்டார். சந்தா அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் நிறுத்த வந்தார். இந்த முறை வேறு கட்டுரை, வேறு கோபம். போன தடவை சொன்னதையே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள், போடுகிறோம் என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

"எனக்கு எழுத வராதுங்க. திட்டத்தான் வரும்."

"அப்ப திட்டுங்க. நான் எழுதிக்கிறேன்."

அவர் திட்டினார். அக்கா ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொண்டார். படித்துப் பார்த்த எடிட்டர் விழுந்து விழுந்து சிரித்து, கடிதப் பக்கம் போதாது, தனிப்பக்கமே கொடு என்று என்னிடம் சொன்னார்.

அதற்கு வந்த பதில்கள் மாதிரி அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை. பாராட்டைக் கேட்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மெக்கானிக்குக்கு அக்கா ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். ஒன்பதாவது மாடியில் முட்டிவலியோடு வாழ்கிற ஓர் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி லிஃப்ட்டுக்குள்ளேயே ஒட்டிவிட்டதாக எழுதியிருந்தார். அதைப் படித்து அவர் முகம் மலர்ந்தது. அடுத்ததில் ஒருவர், என் மனைவியை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படியில்தான் சந்தித்தேன், இவர் மாதிரி ஆட்கள் முன்னமே வந்திருந்தால் நான் இன்றைக்கும் கட்டைப் பிரம்மச்சாரி என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அவரை ஸ்பேனர் மண்டை என்று அழைத்திருந்தார். வேறொருவர், மெக்கானிக்குகளெல்லாம் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களா, இதோடு சந்தாவை நிறுத்துகிறேன் என்று முடித்திருந்தார். மெக்கானிக் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

கடைசியாகப் பேராசிரியையின் கடிதம். லிஃப்ட் மெக்கானிக் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், பலமாடிக் கட்டடத்தில் வாழாத என் கண்ணில் அது படவில்லை. ஆனால் நாம் பேசிக்கொள்வது குறைந்திருக்கிறது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் மரியாதையாக எழுதியிருந்தார். மெக்கானிக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, அந்த மீதிப் பாதி சரியாகத்தான் படுகிறது, தன் மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தனக்குத் தெரியாது என்று மெல்லச் சொன்னார். எழும்போது அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"தினமும் இதையா கேக்குறீங்க?"

"தினமும் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை லீவு."

அதற்குப் பிறகு எங்கள் லிஃப்ட்டுக்குக் கிடைத்த பராமரிப்பு அந்தத் தெருவில் வேறெந்த லிஃப்ட்டுக்கும் கிடைக்கவில்லை. கம்பிக்கு எண்ணெய் போட்டால் போதுமென்று வந்தவர் டீ வரும்வரை உட்கார்ந்திருப்பார். நல்லாயிருக்கிற லிஃப்ட்டை ஏன் நோண்டிக்கொண்டே இருக்கிறார் என்று மெத்தைக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். ஃபோர்மேன் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார்: பழுது லிஃப்ட்டில் இல்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நர்ஸாக இருந்த தங்கையோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். முன்பு வந்த வரன் ஒன்று, பெண் நாள் முழுக்கக் கண்ட ஆண்களோடு போனில் பேசுகிறாளாமே என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தது. இன்னொன்று காரணமே சொல்லாமல் போனது. அக்கா அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வேலை பிடித்திருந்தது, தங்கை சமைப்பது பிடித்திருந்தது, ஜன்னலோரம் இரண்டு தொட்டியில் செடி இருந்தது. மெக்கானிக்கும் தனி ஆள்தான். படுக்கையில் இருந்த அம்மாவைக் கவனித்ததிலேயே வயது போய்விட்டிருந்தது. அம்மாவும் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோவும் எங்கள் பத்திரிகையும்தான் என்று ஒருமுறை சொன்னார்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வந்து உட்கார்ந்து, சந்தாவை நிறுத்த வேண்டும் என்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எந்தப் பக்கம் என்று கேட்டார். பக்கமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்போதுதான் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். பீரோவுக்கு இந்தப் பக்கம் நானும் வேலையை நிறுத்தினேன்.

"அப்புறம் ஏங்க நிறுத்தணும்?"

"உங்களுக்கு ஆபீஸ்லயே ஒண்ணு குடுக்குறாங்க இல்லையா. ஒரே வீட்டுக்கு ரெண்டு புத்தகம் எதுக்குன்னு பார்த்தேன்."

அக்கா பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். பிறகு அக்கா, யோசித்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் சந்தா ஓடட்டும் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்று மாலை அவர் திருத்திக் கொடுத்த கடிதங்களில் ஒன்றுக்கு இரண்டு முறை முற்றுப்புள்ளி வைத்திருந்தார்.

தங்கை விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாளாம். "இத்தனை பேர் திட்டுறதைக் கேட்டுட்டு, கடைசியில அதுல ஒருத்தரையேவா பார்த்தே?" என்று கேட்டாளாம். ஆனால் அடுத்த ஞாயிறு மெக்கானிக்கைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் தட்டைத் தானே கழுவி வைத்ததைப் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டாள். கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. எடிட்டரும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ஃபோர்மேன் குறும்புக்காரர், அந்த மாதக் கடிதப் பக்கத்தின் அடியில் வாழ்த்து ஒன்றைச் சிறிய எழுத்தில் சேர்த்து அச்சடித்துவிட்டார். வாசகர்கள் வாழ்த்தி எழுதினார்கள். ஒருவர் மட்டும், அலுவலகத்துக் கல்யாணமெல்லாம் பண்பாட்டுப் பகுதியில் சேருமா என்று விளக்கம் கேட்டிருந்தார். அக்கா அதை மறுமாதம் முதல் கடிதமாகப் போட்டார்.

வருடங்கள் ஓடின. பழைய எடிட்டர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் முப்பது வயதுப் பெண். எதையும் கேள்வி கேட்கிறவர். எல்லோர் கையிலும் போன் வந்துவிட்ட காலம் அது. புதுப் போன் எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்த எங்கள் பத்திரிகை, போன் நம்மை எப்படி வைத்திருக்கிறது என்று எழுத ஆரம்பித்தது. பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி வந்த அட்டைப்படக் கட்டுரைக்கு முன்கட்சி பொங்கி எழுந்தது. மெஷின் என்றாலே உங்களுக்கு ஆகவில்லை, கடையை மூடிவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஒரு தகப்பனார் போனில் அக்காவை வறுத்தெடுத்துவிட்டு, அங்கேயே சந்தாவையும் நிறுத்தினார். கொஞ்ச வருடம் கழித்து அவரே கூப்பிட்டார். மறுபடி சந்தா கட்ட வேண்டும், அந்தப் பழைய இதழ் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அக்கா கேட்கவில்லை. அவராகவே ஒரு வரி சொன்னார்.

"பையனுக்குப் பதினாலு வயசாயிடுச்சும்மா."

போனை வைத்துவிட்டு அக்கா பீரோவைச் சுற்றி என் பக்கம் வந்தார். "பத்திரிகை மாறிடுச்சு, மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. மாறுறது அவங்க வீடு. நாம நடுவுல மாட்டிக்கிறோம்," என்றார். நான் பத்திரிகையும்தான் மாறியிருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, இரண்டும்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு பத்திரிகை இணையத்துக்குப் போனது. கட்டுரைக்குக் கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். தபாலில் கடிதம் வருவது குறைந்தது, போன் அடிப்பது நின்றே போனது. அக்காவின் மேசையில் கம்ப்யூட்டர் திரை வந்தது. நாள் முழுக்க அந்தக் கருத்துகளைப் படித்து, போடக் கூடாததை நீக்குவது வேலை. எத்தனையோ இடியைத் தாங்கியவருக்கு முதல் முறையாக முகம் வாட ஆரம்பித்தது. டீ ஆறிப்போய் ஏடு படிந்து நிற்கும். ஒரு நாள் நான் நேராகவே கேட்டேன். இதைவிட மோசமாகப் பேசியவர்களையெல்லாம் சமாளித்திருக்கிறீர்களே, இப்போது ஏன் என்று.

"அப்பெல்லாம் திட்டினவங்களுக்குக் குரல் இருந்துச்சு தம்பி. இருமுவாங்க. பின்னாடி குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும். ஒரு மனுஷன் பேசறான்னு தெரியும். இதுல ஒண்ணுமே கேக்கல."

கறுப்புப் பூனை என்ற பெயரில் ஒருவர் மட்டும் எந்தக் கட்டுரை வந்தாலும் அதன் கீழ், இந்தப் பத்திரிகையை எப்போது மூடப் போகிறீர்கள் என்று எழுதிவந்தார். ஒருநாள்கூடத் தவறமாட்டார்.

வீட்டில் அக்கா இதைச் சொன்னபோது மெக்கானிக் தன் தொழிலிலிருந்து ஒன்றைச் சொன்னாராம். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தியதும் முதலில் வாயில் வந்தபடி திட்டுவார்கள். மணி மட்டும் அடிக்கிற லிஃப்ட்டில் திட்டு ஏறிக்கொண்டே போகும். "இருக்கேங்க, சொல்லுங்க" என்று ஒரு மனிதக் குரல் வருகிற லிஃப்ட்டில் அதோடு இறங்கிவிடும். இதை அவர் ஆலோசனையாகச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னதுதான். அக்கா மறுநாளே புது எடிட்டரிடம் போய் நின்றார். கருத்துப் பகுதியின் மேலே தன் மேசை போன் எண்ணைப் போட வேண்டும், பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று எழுத வேண்டும் என்றார்.

எடிட்டர் தயங்கினார். "அக்கா, உலகமே உங்களைக் கூப்பிடும்."

"கூப்பிடட்டும்மா. இப்ப கூப்பிடாமலே திட்டுறாங்க."

உலகம் ஒன்றும் கூப்பிடவில்லை. முதல் இரண்டு வாரம் கடன் அட்டை விற்பவர்கள்தான் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். போனில் பேசினவர்கள் திரும்பிப் போய்க் கருத்து எழுதும்போது பாஷை கொஞ்சம் மாறியிருப்பதை நானே பார்த்தேன். ஒரு நாள் மதியம் ஒரு தாழ்ந்த குரல், தயங்கித் தயங்கி, நான்தான் கறுப்புப் பூனை என்றது.

அவர் பஸ் டெப்போவில் டிக்கெட் பிரிவு குமாஸ்தா. மூடச் சொல்லி ஏன் எழுதுகிறீர்கள் என்று அக்கா கேட்டதற்குச் சுற்றிவளைக்காமல் சொன்னார். "மூணு கட்டுரை அனுப்பினேம்மா. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல." அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எடிட்டரிடம் கேட்டு மூன்றையும் தேடி எடுத்தார். எடிட்டர் அன்றே உட்கார்ந்து படித்தார். புதையல் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மூன்றும் போடும்படியாக இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று எடிட்டர் இதமாகச் சொன்னதை அக்கா அவருக்கு வரிவரியாக விளக்கினார். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கேட்டுக்கொண்டு, இப்போது மனசு நிறைந்திருக்கிறது என்றார். மறுபடியும் எழுதுவீர்களா என்று அக்கா கேட்டதற்கு, எழுதுவதைவிடப் பேசுவதுதான் தனக்கு வரும்போலிருக்கிறது, வாசகர்கள் நேரில் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

அந்த வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் இடமில்லை. மெத்தைக் கடையின் பின்கட்டில் சரக்கு வைக்கும் கூடம் இருந்தது. இரண்டாம் மாடியில் அடுக்கியிருந்த மெத்தைகளை இறக்குவதும் எங்கள் லிஃப்ட்டில்தான் என்பதால் மெத்தைக் கடைக்காரருக்கு மெக்கானிக்கிடம் எப்போதும் ஒரு மரியாதை. ஒரு சனிக்கிழமை மாலைக்குக் கூடத்தைத் திறந்துவிட்டார்.

பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நான் நினைத்தேன். ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நாற்காலி போதவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகளின் மேலேயே உட்கார்ந்தார்கள். யாராவது ஆவேசமாகப் பேசினால் அடியில் உறை சரசரக்கும், மெத்தை ஒரு குதி குதிக்கும். அந்த ஆட்டத்தில் கோபத்தைக் கட்டிக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. ஒன்பதாவது மாடி அம்மா ஊன்றுகோலோடு வந்திருந்தார். கறுப்புப் பூனை தன் மனைவியோடு வந்து, எல்லோருக்கும் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பூனை என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

பேச்சு எப்படியோ ஓர் இடத்தில் வந்து நின்றது: பத்திரிகை எந்த வருடம்வரை நன்றாக இருந்தது? கலர் அச்சு வந்ததும் கெட்டது என்றார் நரைத்த தலை ஒருவர். கலர் வந்த பிறகுதான் நான் வாங்கவே ஆரம்பித்தேன், அந்த மூன்று வருடங்கள்தான் உச்சம் என்றார் பக்கத்து மெத்தையில் இருந்தவர். பழைய எடிட்டர் போனதோடு போயிற்று என்றது ஒரு குரல். புது எடிட்டர் வந்துதான் உயிர் வந்தது என்றது இன்னொன்று. கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்திரிகை ரொம்ப நன்றாக இருந்தது, இப்போது முன்னே மாதிரி இல்லை என்றாள். கூடம் முழுக்கச் சிரித்ததில் மெத்தைகள் சரசரத்தன. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை, பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். எங்களைத் திட்ட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, பெயர் கேட்டுக்கொண்டு, எங்கே இறங்க வேண்டும் என்று பஸ் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புது எடிட்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து, அடக்க முடியாத சந்தோஷத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் இருந்த மெக்கானிக்கைப் பார்த்து யாரோ, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். "நான் சந்தாவை நிறுத்த வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டவன்," என்றார் அவர். "என் கருத்து செல்லாதுங்க."

அந்தச் சனிக்கிழமை கூட்டம் இப்போது மாதாமாதம் நடக்கிறது. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கூட்டத்திலிருந்து மட்டும் அவரை யாரும் விடவில்லை. சந்தா கூடியதா என்றால், கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு அக்கா முதல் இதழிலிருந்து எங்கள் பத்திரிகையை வரிசையாகப் படித்துவருகிறார். வேலையில் இருந்தபோது கடிதங்களைப் படிக்கவே நேரம் சரியாக இருந்ததாம், புத்தகத்தை முழுதாகப் படித்ததே இல்லையாம். இதை என்னிடம் வெட்கமே இல்லாமல் சொன்னார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இவ்வளவு திட்டு வாங்கியிருக்க வேண்டாம்," என்றார். பிறகு, பொற்காலம் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஆரம்ப வருடங்களைப் படித்தால்தான் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை கூட்டம் கலைய நேரமாகிவிட்டது. வெளியே நடைபாதையில் இரண்டு வாசகர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருடைய பஸ் வந்து போனது, அவர் ஏறவில்லை. அக்கா கூடத்தைப் பூட்டி, சாவியை மெத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற மெக்கானிக்கின் கையில் தன் பையைத் தந்தார். இருவரும் அந்த வாசகர்களைக் கடந்து, கடைவீதி வெளிச்சத்தில் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.